கிட்ட வந்து ஊது

எங்கள் லைனில் சாவுச் செய்தி தந்தியில் வருவதில்லை, எதிர் வண்டியில் வரும். இரண்டு பஸ் எதிரெதிரே சந்தித்தால் டிரைவர்கள் ஜன்னலுக்கு ஜன்னல் நிறுத்தி இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் நகருவார்கள். நல்லது கெட்டது எல்லாம் அப்படித்தான் திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை வரைக்கும் போய்ச் சேரும். போன வாரம் ஒருநாள் காலை ஏழேகாலுக்கு, செஞ்சி பஸ் நிலையத்தில் டைம்கீப்பர் மேஜையில் நான் நோட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். திருவண்ணாமலையிலிருந்து வந்த முதல் வண்டி வழக்கமான இடத்தில் நிற்காமல் என் மேஜைக்கு நேராக வந்து நின்றது. டிரைவர் இறங்காமல் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"ஏழுமல, காதர் பாய் போய்ட்டாரு" என்றார்.

மகள் வீட்டில் விடியற்காலைத் தொழுகையை முடித்துப் பாயைச் சுருட்டியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்தாராம். அவ்வளவுதான். நான் முதலில் செய்த காரியம் கடிகாரத்தைப் பார்த்ததுதான். மணி ஏழு பதினெட்டு. அவரோடு வேலை செய்தவனுக்கு வேறு எது முதலில் தோன்றும்? அழுகை பிறகுதான் வந்தது.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் காதர் அண்ணன் வண்டியில் போனவர்கள், மீதிப் பேர் அந்த வண்டியைத் தவறவிட்டவர்கள். செஞ்சியில் பத்து இருபது என்றால் பத்து இருபதுதான். பத்து இருபத்தொன்றுக்கு ஓடி வந்தால் புழுதியைத்தான் பார்க்கலாம். அந்த வண்டிச் சத்தம் கேட்டு உலை வைத்த வீடுகள் உண்டு. மண்டிக் கணக்குப்பிள்ளை தம் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டுக் காதர் அண்ணன் ஹாரனுக்காகக் காத்திருப்பார், முள்ளைத் திருப்ப. இத்தனைக்கும் காதர் அண்ணனுக்குக் கைக்கடிகாரம் கிடையாது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு டைம்பீஸைக் கம்பியால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தார். வண்டி பெரிய பள்ளத்தில் இறங்கினால் அது தானாகவே அலாரம் அடிக்கும். தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் எல்லாம் தங்கள் ஊர் வந்துவிட்டதென்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பார்கள்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. கண்டக்டர் இரண்டு விசில் ஊதாமல் வண்டியை எடுக்கவே மாட்டார். "போலாம்" என்று வாயால் சொன்னால் செல்லாது. கையைத் தட்டினால் செல்லாது. "மொதலாளி வந்து சொன்னாலும் எடுக்க மாட்டன். எனக்கு விசிலுதான் மொதலாளி" என்பார். விசில் கேட்ட அடுத்த நொடியே சக்கரம் உருளும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நான் அவரிடம் வந்த கதையைச் சொன்னால் என் மானம் போகும். போகட்டும். நான் செஞ்சியில் பிறந்து வளர்ந்தவன். அம்மா நான் தவழும்போதே போய்விட்டாள். வீட்டில் நைனாவும் நானும்தான். சிங்கவரம் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலைதான் அதில் விளையும். அறுபத்தொன்றில், எனக்கு இருபத்திரண்டு வயது. அந்த வருஷத்து மகசூலை மாட்டு வண்டியில் ஏற்றி மண்டிக்கு ஓட்டிப் போகச் சொன்னார் நைனா. போகிற வழியில் கோட்டை அடிவாரத்தில் சடுகுடு நடக்கிறது என்று கேள்விப்பட்டேன். வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு ஒரே ஒரு ஆட்டம் ஆடலாம் என்று போனேன். மழை பிடித்துக்கொண்டது. மூட்டைகள் தொப்பலாக நனைந்துவிட்டன.

மண்டி வாசலில், கொட்டுகிற மழையில், ஊர் ஜனம் எல்லாம் பார்க்க நைனா செருப்பைக் கழற்றி என்னை அடித்தார். "இனிமே ஒம் மூஞ்சில முழிக்க மாட்டன்" என்றார். எனக்கு ரோஷம் உச்சிக்கு ஏறியது. "இனிமே இந்த செஞ்சி மண்ண மிதிச்சா நான் ஒனுக்குப் பொறந்தவனே இல்ல" என்று கத்திவிட்டு, கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் தாவி ஏறிவிட்டேன். கண் காணாத தேசத்துக்குப் போய்விட வேண்டும் என்பது எண்ணம். அந்தக் காலத்தில் எனக்குத் தெரிந்த கண் காணாத தேசம் திண்டிவனம்தான்.

அங்கே ஒரு பஸ் ஷெட்டில் வண்டி கழுவினேன், பிறகு கண்டக்டர் லைசென்ஸ் எடுத்தேன். மூன்று வருஷம் கழித்து என்னை ஒரு லைனில் போட்டார்கள். எந்த லைன்? செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை! தினம் நாலு முறை செஞ்சி. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், ஆனால் கால் அதற்குள் படியில் ஏறிவிட்டது. எனக்கு அந்த ஊர் வேண்டவே வேண்டாம். அந்த ஊரைப் பார்க்காமலும் இருக்க முடியாது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

வண்டிக்கு டிரைவர் காதர் அண்ணன். அவரும் செஞ்சிதான், பள்ளிவாசல் தெரு. பரம்பரையாக வியாபாரம் செய்கிற குடும்பத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தவர் அவர் ஒருவர்தான். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மண்டி வாசல் கதை ஊருக்கே தெரியும், அவருக்குத் தெரியாமல் இருக்குமா? முதல் நாளே நான் முந்திக்கொண்டு, செஞ்சியில் மட்டும் படியை விட்டு இறங்க மாட்டேன், படியில் நின்றபடியே ஆள் கூப்பிடுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவர் குனிந்து என் காலைப் பார்த்தார்.

"நீ மிதிக்க மாட்ட, சரி. பஸ்ஸு மிதிக்குதே, அது பரவால்லியா?" என்றார்.

"பஸ்ஸு எங்க நைனாவுக்குப் பொறக்கலண்ணே" என்றேன்.

சிரித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு, டைம்பீஸே அலாரம் அடித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்த விஷயத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை புத்தி சொன்னதில்லை. செஞ்சியில் வண்டி நின்றதும் இறங்கிப் போய் டீ குடிப்பார். வரும்போது எனக்கு ஒரு கிளாஸைக் கொண்டுவந்து படியிலேயே கொடுப்பார். நான் குடித்து முடித்ததும் கிளாஸைத் திரும்பக் கொண்டுபோய்க் கடையில் வைத்துவிட்டு வருவார். தினமும். டிரைவர் கண்டக்டருக்கு டீ சுமந்ததை வேறெந்த லைனிலாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

என் நிலைமையை என்ன சொல்ல? திண்டிவனத்திலிருந்து வரும்போது தூரத்தில் ராஜகிரியின் உச்சி தெரிந்ததுமே எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறும். டிக்கெட் கிழிக்கிற கை நிற்காது, வாயும் நிற்காது. வெளியூர்க்காரர் யாராவது உட்கார்ந்திருந்தால் தொலைந்தார். அது ராஜகிரி, இது கிருஷ்ணகிரி, அந்தச் சுவர் மேல் நான் ஓடியிருக்கிறேன், அந்தக் குளத்தில் நீந்தியிருக்கிறேன் என்று மூச்சு விடாமல் அளப்பேன். வண்டி ஊருக்குள் நுழைந்ததும் அந்த அளப்பு நின்றுவிடும். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், "திருவண்ணாமல திருவண்ணாமல" என்று தொண்டை கிழியக் கத்துவேன். வண்டி ஊரைத் தாண்டி இரண்டு மலைக்கும் நடுவே போகும்போது திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். சாயங்காலம் எப்போது மறுபடி வரும் என்று இருக்கும்.

பழைய சடுகுடு கூட்டாளிகள் சும்மா இருப்பார்களா? ஒருநாள் ஒருத்தன் இரண்டு கை நிறைய மண்ணை அள்ளி வந்து என் படியில் கொட்டிவிட்டான். "இப்ப இன்னாடா பண்ணுவ?" என்றான். நான் பதறிப்போய் பின் சீட்டில் ஏறி நின்றுவிட்டேன். பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. காதர் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார், தோள் துண்டால் படியைத் துடைத்து மண்ணை எல்லாம் தட்டிவிட்டார். அவனிடம், "மண்ணு படிக்கு வரக்கூடாதுப்பா. படியில இருக்கறவந்தான் மண்ணுக்கு வரணும். அவன் வர்றப்ப வரட்டும்" என்றார். அன்று வண்டி பத்து இருபதுக்குச் சரியாகத்தான் கிளம்பியது.

ஒரு தடவை நான் மனசு தாளாமல், நைனாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டு வந்து சொல்லச் சொன்னேன். பள்ளிவாசல் தெருவிலிருந்து எங்கள் வீடு கூப்பிடு தூரம்தான். ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். "நான் வண்டி ஓட்டறவன் ஏழுமல. தபால்காரன் இல்ல" என்றார். எனக்கு வந்ததே கோபம்! இரண்டு நாள் அவர் கொடுத்த டீயைக் குடிக்கவில்லை. அவர் பாட்டுக்குக் கொண்டுவந்து நீட்டினார், நான் வேண்டாம் என்றதும் அவரே குடித்துவிட்டார்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். சரியான வெயில் காலம். வண்டி செஞ்சியில் வந்து நின்றது. வண்டியில் ஒரு பெண் பார்க்கும் கோஷ்டி, கோழிக் கூடையோடு ஓர் அம்மாள், வாய்தாவுக்குத் திருவண்ணாமலை கோர்ட்டுக்குப் போகிற ஒருவர், இன்னும் நிற்க இடமில்லாத கூட்டம். பத்து இருபது ஆனது. இரண்டு விசில் ஊதினேன். எஞ்சின் உறுமவில்லை. மறுபடி ஊதினேன். முன்னால் எட்டிப் பார்த்தால் டிரைவர் சீட் காலி. டைம்பீஸ் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

பத்து இருபத்திரண்டு. அந்த மனுஷனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் ஒழிய இது நடக்காது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போய் டிரைவர் பக்கத்து ஜன்னலில் தலையை நீட்டினேன். எங்கள் வண்டிக்குப் படி இடது பக்கம். வலது பக்கம் எதிர்த்தாற்போல ஒரு சைக்கிள் கடை. நான் எப்போதும் இடது பக்கமே தொங்கிக்கொண்டிருப்பதால் அந்தக் கடையை இரண்டு வருஷமாகப் பார்த்ததே இல்லை. அங்கே நிழலில் காதர் அண்ணன் குந்தி உட்கார்ந்து சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தலையில் துண்டு போட்ட ஒரு கிழவர், கையில் குச்சி.

யார் இந்தக் கிழவர், இவரோடு என்ன பேச்சு என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அந்தக் கிழவர் டீயைக் கிளாஸிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தார். எனக்கு அடையாளம் தெரிந்தது அப்போதுதான். எனக்குப் பால் ஆற்றிக் கொடுக்கும்போதெல்லாம் அப்படிச் சூடு பார்த்த கை அது. பெற்ற தகப்பனை அடையாளம் தெரியாமல் நின்ற அந்த ஒரு நிமிஷம் இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.

"காதர்ணே, டைம் ஆச்சி" என்று கத்தினேன். விசிலை எடுத்து ஜன்னலிலிருந்தே இரண்டு ஊதினேன்.

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். காதில் கையை வைத்துக்கொண்டார்.

"கேக்கல. கிட்ட வந்து ஊது" என்றார்.

வண்டிக்குள் ஒரே கூச்சல். போய் டிரைவரை இட்டுக்கொண்டு வாய்யா என்கிறார்கள். வாய்தாக்காரர் என் சட்டையையே பிடித்துவிட்டார். நான் படியில் வந்து நின்றேன். கீழே தரை. காய்ந்த மண், நாலு வேர்க்கடலைத் தோல், ஒரு பீடித் துண்டு. ஐந்து வருஷமாக ஆசையும் பயமுமாக நான் பார்த்துப் பார்த்து ஒதுங்கிய மண். இதில் கால் வைத்தால் அந்த மனுஷருக்கு நான் பிள்ளை இல்லை என்று என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். வைக்காவிட்டால் மட்டும் பிள்ளையா? கண்ணை மூடிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பஸ்ஸின் பின்பக்கமாகச் சுற்றி சைக்கிள் கடைக்கு இருபத்திரண்டு தப்படி. பின்னாளில் எண்ணிப் பார்த்தேன். போய் நின்றேன். நைனா நிமிர்ந்து பார்க்கவில்லை. மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்று அவரும் சொன்னவர் அல்லவா? தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விசிலை வாயில் வைத்தேன், காற்று வரவில்லை. காதர் அண்ணன் எங்கள் இருவரையும் பார்க்காமல் டைம்பீஸ் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நைனா என் செருப்பைப் பார்த்தபடியே பேசினார்.

"அன்னிக்கி நீ இன்னா சொன்னியோ, எனுக்குக் காதுல வுழல. மழ."

ஊர் முழுக்கக் கேட்டது. மண்டியில் எடை போட்டவனுக்குக் கேட்டது, பள்ளிவாசல் தெருவரைக்கும் கேட்டது. அவருக்கு மட்டும் கேட்கவில்லையாம். நான் அந்த இடத்திலேயே குந்தி உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவர் கை என் தலைக்கு வந்தது. அப்புறம்தான் மெதுவாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "இளச்சிட்ட" என்றார்.

காதர் அண்ணன் எழுந்தார். அவரை வீட்டில் விட்டுவிட்டு வா, வண்டி நிற்கும் என்றார். நைனாவைக் கைத்தாங்கலாக வீட்டுக்கு நடத்திப் போனேன். வீட்டுப் பானையிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்தேன். திரும்பி ஓடி வந்தேன் பாருங்கள், இருபது வயதுப் பையன் சடுகுடு மைதானத்தில் ஓடுகிற மாதிரி. யாரும் என்னைத் திட்டவில்லை. என் சட்டையைப் பிடித்த வாய்தாக்காரர், "கேசு எங்கப்பா போவுது, அடுத்த வாய்தா குடுப்பான்" என்று எனக்கு இடம் விட்டார். டிரைவர் ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்று இரண்டு விசில் ஊதினேன். அந்த நொடியே சக்கரம் உருண்டது. மணி பத்து முப்பத்தேழு.

ஆலம்பூண்டி தாண்டியதும் அவர் ஒரு விஷயம் சொன்னார். இரண்டு வருஷமாக நைனா தினமும் பத்து இருபதுக்கு அந்தச் சைக்கிள் கடைக்கு வந்து நிற்பாராம். படி இல்லாத பக்கமாகப் பார்த்து நிற்பாராம், என் முகம் தெரியாமல் இருக்க. நான் ஆள் கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, விசில் சத்தமும் கேட்டபின் போய்விடுவாராம். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று சண்டைக்குப் போனேன்.

"ரெண்டு பேரும் சத்தியம் பண்ணவங்க, நடுவுல நான் யாரு? அஞ்சு நாளா அவுரு வரல. இன்னிக்கி குச்சி ஊனிகினு வந்து குந்திட்டாரு. இனிமே நின்னு கேக்க அவுருக்குக் கால் இல்ல. அதுக்கப்புறம் எனுக்கு டைம் இன்னா, டேபிள் இன்னா?" என்றார்.

பதினேழு நிமிஷம் தாமதம். அவர் உத்தியோகத்தில் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. டிரிப் ஷீட்டில் தாமதத்துக்குக் காரணம் எழுதுகிற கட்டத்தில் என்ன எழுதுவதென்று நான் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிடுங்கி அவரே எழுதினார். மூன்றாம் வகுப்புப் படித்த கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் கோழிமுட்டை அளவு. "கண்டக்டருக்கு ஊர் வந்துவிட்டது." ஷெட்டில் அதைப் படித்தவர்கள் முழித்தார்கள். ஒரு வாரம் அவரை வண்டியில் ஏற்றாமல் உட்கார வைத்தார்கள். ஒரு முணுமுணுப்பு கிடையாது. "லேட்டு லேட்டுதான். காரணம் கேட்டாங்க, எழுதிட்டன்" என்றார்.

அப்பாவும் பிள்ளையும் அதற்குப் பிறகு கொஞ்சிக் குலாவினோம் என்று நினைக்காதீர்கள். நான் வீட்டுக்குத் திரும்பிய மூன்றாம் நாளே கஞ்சியில் உப்பு இல்லை என்று சண்டை. அதற்கு அடுத்த நாள் கதவைச் சாத்தவில்லை என்று சண்டை. ஊரும் அப்படித்தான், பார்க்கிறவன் எல்லாம் மண்ணு எப்படி இருக்குது என்று கேட்டுக் கேட்டு உயிரை வாங்கினான். காதர் அண்ணனிடம் போய்ப் புலம்பினேன். "எறங்கறதுக்குத்தான் வண்டிய நிறுத்தினன். மிச்சத்துக்கு நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டார். நைனா இன்னும் இரண்டு வருஷம் இருந்தார். அத்தனை சண்டையும் போட்டு முடித்துவிட்டுத்தான் போனார். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. நைனாவோடு செஞ்சியிலேயே இருக்க அப்போது கேட்டு வாங்கியதுதான் இந்த டைம்கீப்பர் மேஜை.

போன வருஷம் கண் மங்கியதால் காதர் அண்ணன் ஸ்டியரிங்கை விட்டார். மனைவி முன்பே தவறிவிட்டார். மகள் திருவண்ணாமலைக்குக் கூட்டிப் போய்விட்டாள், பள்ளிவாசல் தெரு வீட்டையும் விற்றாயிற்று. அங்கே தினமும் பஸ் நிலையத்துக்கு வந்து உட்கார்ந்து, எங்கள் வண்டி டிரைவரிடம் செஞ்சியில் மழையா என்று கேட்பாராம். ஒரே ஒரு முறை பயணியாக வந்தார். வழி நெடுக டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் வலது காலால் தரையை அழுத்தினாராம், பிரேக் பிடிக்க. செஞ்சியில் வண்டி நின்றது. நான் ஓடிப் போய்க் கூப்பிட்டேன், வீட்டுக்கு வாங்கண்ணே, இரண்டு நாள் இருங்கள் என்றேன். படிவரைக்கும் வந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருப் பக்கம் பார்த்தார். என் மேஜையில் இருந்த டீயை நான்தான் படிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"எறங்கறது லேசு இல்ல ஏழுமல. இப்பதான் தெரியுது" என்றார். அந்த வண்டியிலேயே திண்டிவனம் போய், மறு வண்டியில் திருவண்ணாமலைக்குத் திரும்பிவிட்டார். அவரைக் கடைசியாக நான் பார்த்தது அன்றுதான்.

செய்தி வந்த அன்று, அவரைச் செஞ்சியில் அடக்கம் செய்யக் கொண்டுவருகிறார்கள் என்று அடுத்த வண்டிக்காரர் சொல்லிவிட்டுப் போனார். பத்து இருபது வண்டி வந்து நின்றது. புது டிரைவர், சின்ன வயது, அவருக்குக் காதர் அண்ணனைத் தெரியாது. நேரமாகிறது என்று ஹாரன் அடித்தார். நான் கண்டக்டரிடமிருந்து விசிலை வாங்கி வைத்துக்கொண்டேன். சைக்கிள் கடை முன்னால் போய் நின்றேன். இரண்டு மலைக்கும் நடுவிலிருந்து வேன் மெதுவாக வந்தது. தெரிந்த பயணிகள் இறங்கி நின்றார்கள், தெரியாதவர்களும் இறங்கி நின்றார்கள். வேன் பள்ளிவாசல் தெருவுக்குள் திரும்பி மறைந்தபோது பன்னிரண்டு நிமிஷம்தான் ஆகியிருந்தது. அந்தப் பழைய பதினேழில் மிச்ச ஐந்து நிமிஷத்துக்கும் நான் வண்டியை விடவில்லை.

பத்து முப்பத்தேழுக்கு டிரைவர் ஜன்னலுக்குக் கிட்டப் போய் நின்று இரண்டு விசில் ஊதினேன். அந்த விசில் இப்போது என்னிடம்தான் இருக்கிறது, கண்டக்டருக்கு வேறு வாங்கிக் கொடுத்துவிட்டேன். எந்த வண்டியையும் இனி மேஜையிலிருந்தபடி அனுப்புவதில்லை, எழுந்து கிட்டப் போய்த்தான் ஊதுகிறேன். அன்று நோட்டில் தாமதத்துக்குக் காரணம் எழுதுகிற கட்டத்தை யாரையும் கேட்காமல் நானே நிரப்பினேன். கேட்பவர்கள் கேட்கட்டும். "காதர் அண்ணன் ஊருக்கு வந்து இறங்கினார்" என்று எழுதியிருக்கிறேன், அவரைப் போலவே பெரிய பெரிய எழுத்தில்.